எது வரைக்கும் வந்துச்சு?

2001 ஆடி மாதம். கோவில்பட்டியில் ஆடிக் காற்று என்றால் கரிசல் மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் வரும். கடைவாசலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டிருந்தோம். அப்படியும் காலையில் கீபோர்டில் விரல் வைத்தால் நறநறவென்று இருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் எல்லாரும் ஆடியில்தான் வந்து நிற்பார்கள். அண்ணாச்சியின் டிடிபி கடைக்கு வருடத்தில் அதுதான் நெருக்கடியான மாதம். கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை இயக்க இருந்த ஒரே ஆள் நான். வயது பத்தொன்பது.

அன்று காலை கடையைத் திறந்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. 'இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்.' அதற்குக் கீழே, டிஸ்கை மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி இன்னொரு வரி. எனக்குக் கைகால் ஓடவில்லை. முந்தின நாள் வேலை பார்த்த பதினொரு பத்திரிகைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. நான்கு பேர் அன்று மத்தியானமே ப்ரூப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணாச்சி எஸ்டிடி பூத்துக்குப் போய்த் திருநெல்வேலியிலிருந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர் எங்கள் பக்கத்துச் சிறு ஊர்களுக்கு வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் பார்த்துவிட்டுப் போகிறவர். ரிசீவரை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் வாங்கிக் காதில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"தம்பி, எது வரைக்கும் வந்துச்சு?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஓடலண்ணே" என்றேன்.

"ஓடலங்கிறது சரி. பேன் சுத்துச்சா? ஒரு பீப் கேட்டுச்சா? மெமரி எண்ணி முடிச்சுச்சா? கீபோர்டுல மூணு லைட்டும் ஒருக்கா மின்னிச்சா? எதுல வந்து நின்னுச்சு?"

அந்த வரியை வாசித்துக் காட்டினேன். ஒரு கணம்கூட யோசிக்காமல், "பிளாப்பி டிரைவ்ல ஏதாச்சும் கிடக்கா பாரு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அச்சகத்துக்குக் கொடுப்பதற்காக ஒரு பைலைப் பதிந்த பிளாப்பி உள்ளேயே கிடந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு விசையைத் தட்டினேன். சில நொடிகளில் விண்டோஸ் 98 மேகப்படம் திரையில் மலர்ந்தது.

அடுத்த புதன்கிழமை அவர் வந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நடந்ததை விளக்கினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் முதலில் பிளாப்பியில்தான் தேடும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் ஹார்ட் டிஸ்கிடம் போகும். எங்கள் பிளாப்பியில் பத்திரிகை இருந்தது. கம்ப்யூட்டரை எழுப்புகிற கோப்புகள் இல்லை. அதைத்தான் அது அந்த ஒரு வரியில் சொல்லியிருக்கிறது. "அது உள்ளதைத்தாம்பா சொல்லும். நமக்குத்தான் கேக்கப் பொறுமை இல்ல" என்றார்.

அன்றிலிருந்து காலையில் பொத்தானை அழுத்திவிட்டு டீ வாங்கப் போகும் பழக்கத்தை விட்டேன். முன்னால் உட்கார்ந்து கவனிப்பேன். எங்கள் மெஷின் 433 மெகாஹெர்ட்ஸ் செலரான், 64 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க். அது எழுந்து வருகிற ஒவ்வொரு படியும் சில வாரங்களில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் பவர் சப்ளையின் காற்றாடி ஊளையிட்டு அடங்கும். பிறகு ஹார்ட் டிஸ்க் மெல்ல ஏறுகிற சுருதி மாதிரி சுழலத் தொடங்கும். ஒரு குட்டி பீப். திரையில் மெமரியின் எண்கள் கடகடவென்று ஓடி 65536 என்ற இடத்தில் நிற்கும். 64 எம்பியைக் கிலோபைட்டில் எழுதினால் அதுதான் கணக்கு. கீபோர்டில் மூன்று பச்சை விளக்குகளும் ஒரு முறை மின்னும். பிளாப்பி டிரைவ் 'டர்ர்' என்று ஒரு முறை கனைக்கும். அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க் விளக்கு துடிக்கத் தொடங்கும்.

இந்த வரிசை தானாக அமைந்ததில்லை என்பதை மெக்கானிக் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லுக்குள் பயாஸ் என்கிற நிரல் இருக்கிறது. கரண்ட் வந்ததும் பிராசஸர் முதலில் அதைத்தான் வாசிக்கும். அது ராம், டிஸ்ப்ளே கார்டு, கீபோர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து ஓடவிடும். அந்த 512 பைட்டுக்குள் அடுத்த கட்டத்தை எங்கே தேடுவது என்ற வழி இருக்கும். அந்த வழியில் போனால் ஐஓ.சிஸ் என்ற கோப்பு கிடைக்கும். அது எழுந்து விண்டோஸை எழுப்பும். ஒருவரை எழுப்பி, அவர் அடுத்தவரை எழுப்பி, கடைசியில் வீடே விழிக்கிற மாதிரி. நடுவில் ஒருவர் எழாவிட்டால் அதோடு நின்றுபோகும். எங்கே நின்றது என்று தெரிந்தால் யாரைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பீப் ஒலியின் அர்த்தத்தையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். டிஸ்ப்ளே கார்டு தயாராகிற வரையில் கம்ப்யூட்டரால் திரையில் எதையும் எழுதிக் காட்ட முடியாது. அதற்கு முன்னாலேயே கோளாறு என்றால் அதற்கு இருக்கிற ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். எங்கள் போர்டில் ஒரு குட்டி பீப் வந்தால் எல்லாம் நலம். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. நீளமாக விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் ராம். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும். அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் பீப்பை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணாச்சியின் பழைய பில் புத்தகம் ஒன்றின் பின்பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். தேதி, என்ன வந்தது, எது வரைக்கும் வந்தது, என்ன செய்தேன், என்ன ஆனது. ஐந்து கட்டம். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஆடி முடிவதற்குள் அதில் இரண்டாவது பதிவு விழுந்தது. ஒரு நாள் காலை திரை கறுப்பாகவே இருக்க, மெஷின் நீளமாக விட்டுவிட்டுக் கத்தியது. போனில் சொன்னதும், "திறந்துபாரு, பயப்படாத" என்றார். கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே கரிசல் தூசி கம்பளி விரித்த மாதிரிப் படிந்து கிடந்தது. ராம் துண்டின் இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைப் பிடிகளை வெளிப்புறம் தள்ளியதும் அது தானாக மேலே எழும்பியது. அடியில் வரிசையாகப் பொன்னிறப் பட்டைகள். அவற்றின் மேல் மங்கலாக ஒரு படலம். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை எடுத்து, ஒரே திசையில், மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்க்கச் சொல்லியிருந்தார். தேய்க்கத் தேய்க்கப் பட்டைகள் பளிச்சென்று ஆயின. ரப்பர் தூளை வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும் என்பதால் பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டேன். மறுபடி பொருத்தி, இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடி விழுகிற சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினேன். ஒரு குட்டி பீப். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறேன். அந்த பீப் காதில் விழுந்தபோது வந்த சந்தோஷம் தனி.

அந்த ஐப்பசியில் வந்த கோளாறுதான் எனக்கு நிஜமான பாடம். முதல் நாள் மாலை இடி மின்னலோடு மழை. மறுநாள் கம்ப்யூட்டர் எல்லாப் படிகளையும் சரியாகக் கடந்து வந்து, விண்டோஸ் மேகப்படத்தில் அப்படியே நின்றது. அடியில் ஓட வேண்டிய நீலக் கோடுகூட நகரவில்லை. மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் அதே இடம்.

அன்று புதன்கிழமையாக அமைந்தது என் அதிர்ஷ்டம். மெக்கானிக் அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். மெமரி எண்ணி முடிந்ததும் எப்8 விசையைத் தட்டச் சொன்னார். ஆறு வரிப் பட்டியல் வந்தது. அதில் மூன்றாவது சேப் மோடு. அதில் போட்டால் மெஷின் எழுந்தது. "ஆக, அடிப்படை எல்லாம் சரி. கூடுதலா ஏத்துற ஏதோ ஒண்ணுதான் இடிக்குது" என்றார். மறுபடி அணைத்துவிட்டு, இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தார். அது எழுந்து வரும்போது தான் செய்வதை எல்லாம் பூட்லாக் என்ற கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே வரும். எதிர்பார்த்தபடி மேகப்படத்தில் நின்றது. மறுபடி அணைத்துப் போட்டு, வெறும் டாஸ் திரைக்குப் போய் அந்தக் கோப்பைத் திறந்தார்.

நூற்றுக்கணக்கான வரிகள். இன்ன டிரைவரை ஏற்றுகிறேன் என்று ஒரு வரி, ஏற்றிவிட்டேன் என்று அடுத்த வரி. இப்படியே ஜோடி ஜோடியாகப் போயிற்று. நடுவில் சில இடங்களில் ஏற்ற முடியவில்லை என்றும் இருந்தது. நான் உடனே அதில் விரல் வைத்து, "அண்ணே, இங்க பாருங்க, தோத்துருக்கு" என்றேன்.

அவர் தலையசைத்தார். "அது டிசவுண்ட். அங்க இருக்கிறது விஷேர். நல்லா ஓடுற மெஷின்லயும் அதெல்லாம் தோக்கத்தான் செய்யும். தேவை இல்லாததுனால விட்டுட்டுப் போயிரும். நீ தோத்ததைத் தேடாத. கடைசி வரியைப் பாரு."

கடைசி வரிக்குப் போனோம். ஒரு டிரைவரை ஏற்றுகிறேன் என்று இருந்தது. அதற்கு ஜோடி வரி இல்லை. கோப்பு அங்கேயே முடிந்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் வாய் நின்ற இடம் அது. பெயரைப் பார்த்தால் உள்ளே செருகியிருந்த மோடம் கார்டினுடையது. மெஷினைத் திறந்து அந்த கார்டைக் கழற்றினார். டெலிபோன் வயர் சொருகுகிற வாய்க்குப் பக்கத்தில் ஒரு சில்லு கருகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. டெலிபோன் லைன் வழியாக மின்னல் இறங்கியிருக்கிறது. கார்டு இல்லாமல் போட்டதும் மெஷின் பழையபடி எழுந்தது. அன்று முதல் வானம் இருட்டினால் கரண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் பிடுங்கிவிடுவோம்.

தோற்றதைத் தேடாதே, கடைசி வரியைப் பார் என்று அவர் சொன்னது நோட்டின் முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. ஆனால் எழுதி வைப்பதும் கடைப்பிடிப்பதும் வேறு வேறு என்பதை 2003இல் நான் உணர்ந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது.

அதற்குள் ஊரில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தம்பி' என்று பெயர் வந்திருந்தது. பள்ளிக்கூடம், ரைஸ் மில், தீப்பெட்டி ஆபீஸ் என்று கூப்பிட்டுப் போவார்கள். ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. கோவில்பட்டிக்கு அது இயல்பானதுதான், கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் பக்கத்தில்தான் இருக்கிறது, கரிசல் எழுத்தாளர்கள் உருவான மண். வட்டத்துக்கு ஒரு சின்ன அறையும், சுவர் முழுக்கப் புத்தகங்களும், யாரோ வெளியூர் நண்பர் கொடுத்த பழைய பென்டியம் கம்ப்யூட்டரும் இருந்தன. அதில் ஒருநாள் கரண்ட் போய் வந்தபின் விண்டோஸ் வரவில்லை என்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். சாவி வைத்திருந்த பையன் மட்டும்தான் அங்கே இருந்தான்.

பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் அதே வரி. 'இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்.' இரண்டு வருடத்துக்கு முன் என்னை நடுங்க வைத்த வரி. பிளாப்பி டிரைவைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அன்று எனக்கு இன்னும் இரண்டு இடத்தில் வேலை கிடந்தது. அந்தக் காலத்தில் ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து பழகிப்போயிருந்தது: பார்மட் அடித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவது. வைரஸ் பயமும் அதற்கு ஒரு காரணம். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்கிற வைரஸ் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்குகளின் தொடக்கப் பகுதியை அழித்து, சில மெஷின்களில் பயாஸ் சில்லையும் கெடுத்துவிட்டுப் போனது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்த வைரஸுக்கு அந்தப் பெயரும் உண்டு. அதைக் கண்டவர்களுக்கு, சந்தேகம் வந்தால் அடியோடு துடைத்துவிடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. பையனிடம், "முக்கியமான பைல் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். "தெரியலண்ணே" என்றான். தெரியவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பூட் பிளாப்பியைப் போட்டு, பார்மட் கட்டளையைத் தட்டினேன். சி டிரைவில் இருக்கும் தகவல் எல்லாம் அழிந்துபோகும், தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதுவும் பெரிய எழுத்தில், எச்சரிக்கை என்று போட்டுத்தான் கேட்டது. ஒய் விசையை அழுத்தினேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எண்கள் ஏறத் தொடங்கின.

மறுநாள் காலை வட்டத்தின் மூத்த உறுப்பினர் கடைக்கு வந்தார். அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நின்றபடியே, "தம்பி, அதுல நம்ம புத்தகப் பட்டியல் இருந்துச்சே, அது பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். அறையிலிருந்த ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட புத்தகங்களின் பெயர், ஆசிரியர், பதிப்பு, யார் கொடுத்தது, என்ன நிலையில் இருக்கிறது எல்லாவற்றையும் இரண்டு ஆட்காட்டி விரலால் ஒன்றரை வருடமாகத் தட்டியிருக்கிறார்.

எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. புத்தகம் அங்கேயேதான இருக்கு. மறுபடி எழுதிக்கிடலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய கேள்வியையே கேட்டார். "எது வரைக்கும் வந்துச்சு?"

"இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க் அண்ணே. பிளாப்பி இல்ல."

"சரி. பயாஸ் ஹார்ட் டிஸ்கைக் கண்டுபிடிச்சுதா?"

"பேரு வந்துச்சுண்ணே."

"பூட் பிளாப்பி போட்டு சி-க்குப் போயி டிர் அடிச்சுப் பாத்தியா? போல்டரெல்லாம் தெரிஞ்சுதா?"

"பாக்கலண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கரண்ட் போனதுல ஐஓ.சிஸ் மட்டும் கெட்டுப்போயிருக்கலாம். சிஸ் சி-ன்னு ஒரே வரி. பிளாப்பில இருந்து அந்தக் கோப்பை மட்டும் திரும்ப வச்சிரும். பட்டியல் அப்படியே இருந்திருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "இருந்திருக்கும்னுதான் சொல்ல முடியும். வேற கோளாறாவும் இருந்திருக்கலாம். பார்மட் அடிச்சா பைல் மட்டும் போறதில்லப்பா. என்ன கோளாறுங்கிறதும் அதோட போயிருது. இனிமே யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. மெஷின் தன் குறையைத் தனக்குத் தெரிந்த ஒரே வரியில் என்னிடம் சொல்லியிருக்கிறது. அதே வரியை ஒருமுறை கேட்டுப் பாடம் படித்தவன் நான். இரண்டாம் முறை அதன் வாயையே துடைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் வீட்டுக்குப் போய், "நீங்க வாசிங்க, நான் அடிக்கேன்" என்றேன். அப்படித்தான் வட்டத்தின் அறையில் ஒன்பது ஞாயிறு. அவர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து வாசிப்பார். நான் தட்டுவேன். சில புத்தகத்தை எடுத்ததும் சொல்ல மறந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். நான் காத்திருப்பேன். அவர் நினைவுக்கு வந்து, "ம், எழுது" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் தட்டியதை ஒரு கோப்பாகச் சேமித்து, இரண்டு பிளாப்பியில் பிரதி எடுத்து, ஒன்றை அவரிடமும் ஒன்றை அண்ணாச்சியின் கல்லாப்பெட்டியிலும் வைத்தேன்.

முதல் ஞாயிறு அந்த மெஷினைப் போட்டதும், சிமாஸ் செக்சம் தவறு, தொடர எப்1 அழுத்தவும் என்று வந்தது. வேலையைத் தொடங்கும் அவசரத்தில் எப்1 அழுத்திவிட்டேன். சாயங்காலம் கோப்பைச் சேமித்த பிறகுதான் திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தேன்: 1980 ஜனவரி 1. மதர்போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது மணியையும் பயாஸின் அமைப்புகளையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். அது செத்தால் மெஷினுக்கு நேற்று என்பதே இருக்காது. டாஸ் எண்ணத் தொடங்குகிற முதல் நாளுக்கே போய்விடும். ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டதே 1981இல்தான்.

மறுநாள் பழைய பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதன் முதுகிலிருந்த எண்ணைப் பார்த்தார். சிஆர் 2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. அதே பேட்டரி அவரிடம் இருந்தது. அவர் பழுது பார்க்கும் குவார்ட்ஸ் வாட்சுக்கும் என் கம்ப்யூட்டருக்கும் மணி காட்டுவது ஒரே வகைப் படிகம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நொடிக்கு 32,768 முறை அதிர்கிற குட்டிப் படிகம். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி வைத்தேன். அதன்பின் எட்டு ஞாயிறும் கோப்புகள் சரியான தேதியோடு சேர்ந்தன.

வருடங்கள் ஓடின. அண்ணாச்சியின் கடை மூடியது. ஐயாவும் போய்விட்டார். மெக்கானிக் அண்ணன் இப்போது தன் மகனோடு வெளியூரில் இருக்கிறார். நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். இன்றைய மெஷின்கள் வேகமாக எழுகின்றன. ஆனால் எழ முடியாதபோது பெரும்பாலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்; அல்லது ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பொதுவாக ஒரு வரி வரும். எண்ணுவதும் கனைப்பதும் மின்னுவதும் நமக்குத் தெரியாமல் உள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளிடம் நான் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். "ஆன் ஆகலண்ணே" என்பார்கள். "எது வரைக்கும் வந்துச்சு?" என்பேன். ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒவ்வொருவருக்கும் உண்டு. டிஸ்கிலிருந்து பிரதி எடுக்காமல் பார்மட் அடிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம்.

சில வருடங்களுக்கு முன் வாசகர் வட்டத்தின் அறையைக் காலி செய்யும்போது என்னைக் கூப்பிட்டார்கள். மூலையில் அந்த பென்டியம் இருந்தது. பட்டியலின் அச்சுப் பிரதி செல்லரித்துப்போய்விட்டது, உள்ளே இருந்தால் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். கல்லாப்பெட்டியில் இருந்த பிளாப்பி எப்போதோ பூஞ்சை பிடித்து வாசிக்க முடியாமல் போயிருந்தது.

பொத்தானை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. பீப் வரவில்லை. திறந்து பார்த்தால் பிராசஸருக்குப் பக்கத்திலிருந்த கெப்பாசிட்டர்கள் நான்கும் தலை உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. அந்த மெஷின் இனி எழாது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, கடைக்குக் கொண்டுவந்து, ஓர் அடாப்டர் வழியாக என் லேப்டாப்பில் மாட்டினேன். காதை அருகே வைத்துக் கேட்டேன். சுருதி ஏறியது. ஏறி, நின்று, சீராகச் சுழன்றது.

ஒன்பது கோப்புகளும் இருந்தன. எட்டில் 2003ஆம் ஆண்டுத் தேதி. முதல் கோப்பில் 1980 ஜனவரி 1. பழைய எழுத்துரு இல்லாததால் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடந்தது. யூனிகோடுக்கு மாற்றியதும் தமிழ் வரிகள் எழுந்து வந்தன. எழுத்துப் பிழைகளைத் திருத்தி வட்டத்துக்குக் கொடுத்தேன். பழைய முதல் கோப்பை மட்டும் அதன் தேதியோடு எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அதில் முதல் புத்தகத்தின் 'நிலை' என்ற கட்டத்தில் ஐயா சொல்லச் சொல்ல நான் அடித்தது இப்படி இருக்கிறது: "அட்டை இல்லை. உள்ளே முழுசாக இருக்கிறது."